முப்பத்தெட்டு கிலோ காயாக்கு

இது நடந்தது மீனும் மனுஷனும் ஒரே பாஷை பேசின காலத்தில் இல்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், பங்குனியில் தொடங்கி ஆடி பிறப்பதற்குள் முடிந்துபோனது, ஊர் சேந்தங்கழி, தொண்டியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், இரண்டாவது பஸ் வந்தால் வரும், வராவிட்டால் நடைதான். ஊருக்கு ஒரே தெரு. மேற்கே பஸ் நிற்கிற வேப்பமரத்தடியில் தொடங்கி, இரண்டு பக்கமும் வீடுகளை வைத்துக்கொண்டு, நேராகக் கிழக்கே போய்க் கழிக்கரையில் முடியும். கழி என்றால் கடல் உள்ளே வந்து படுத்துக்கொண்ட இடம். கழிக்கு நடுவில் ஆழமான ஓடை ஒன்று இழுத்துக்கொண்டு ஓடும், அதற்கு அப்பால் ஒரு மணல்திட்டு, திட்டின் மேல் அடப்பங்கொடியும் நண்டுமன்றி வேறொன்றும் இல்லை.

அந்தத் திட்டில் பூமிநாதன் என்று ஒருவன் இருந்தான். பேர்தான் பூமிநாதன், கால் வைக்க ஊரில் ஒரு சாண் பூமி கிடையாது. மேற்குக் கடைசி வீட்டில் அவன் சம்சாரம் இருளாயி இருந்தாள், நாற்பத்து மூன்று வயது, ஒட்டின உடம்பு, ஒட்டாத வாய். அவளிடம் ஒரு காயாக்கு இருந்தது.

சுற்றுலா வளர்க்க வந்தவர்கள் இரண்டு வருஷம் வளர்த்துப் பார்த்து, வளராததால் மூட்டை கட்டினபோது, சமைத்துப் போட்டவள் என்ற அன்பில் அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போன ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் படகு அது. இரண்டு பேர் உட்காரலாம், இரண்டு முனையிலும் கைப்பிடி, வயிற்றில் ஒரு ஸ்டிக்கர், ஸ்டிக்கரில் எடை முப்பத்தெட்டு கிலோ. வந்தவர்கள் அதைக் கயாக் என்றார்கள். ஊர் காதில் அது காயாக்கு என்று விழுந்தது. "பழமாக்கத் தெரியாம காயாக்கிட்டுப் போயிட்டாய்ங்க" என்று டீக்கடை வெள்ளக்கண்ணு சொன்னதற்கு ஊர் ஒரு வாரம் சிரித்தது.

பூமிநாதன் செய்த குற்றம் ஒரே ஒரு சொல். ஊர்த்தலைவர் அம்பலம் ராக்கப்பனின் விசைப்படகு தடை செய்த இரட்டைமடி வலையைப் போட்டு, குஞ்சு குளுவான் மிச்சமில்லாமல் அரித்துக்கொண்டிருந்த சமயம் அது. விசாரிக்க வந்த அதிகாரி ஏலக்கூடத்தில் ஊரை நிறுத்தி வைத்து, யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். ஊர் முழுக்க ஒரே குரலில் தெரியாது என்றது. பூமிநாதன் மட்டும் "தெரியும்" என்றான். அவன் வாயிலிருந்து வந்த சொல்லை அவனாலேயே திருப்பி உள்ளே போட முடியவில்லை என்று பிற்பாடு மனைவியிடம் சொன்னான். போட்டிருந்தால் நான் உங்களை வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டேன் என்று அவள் சொன்னாள்.

ஊர் கூடியது. தீர்மானப் புத்தகம் எழுதுகிறவர் சேதுராமு, வார்த்தையைச் சிக்கனமாகப் போடுகிற ஆள். முன்காலத்துத் தீர்மானங்களில் அன்னந்தண்ணி புழங்கக் கூடாது, நெருப்புக் கொடுக்கக் கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது என்று அரைப் பக்கம் இருக்கும். சேதுராமுவுக்கு அது வளவளப்பு. அவர் மூன்றே வரி எழுதினார்: 'பூமிநாதன் ஊருக்குள் கால் வைக்கக் கூடாது. இருளாயிக்கு யாரும் கை கொடுக்கக் கூடாது. காலம் ஒரு வருஷம்.' கையையும் காலையும் வைத்தே ஒரு குடும்பத்தை முடித்துவிட்டதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது.

"வேற ஊருக்குப் போயிருவமா?" என்று பூமிநாதன் கேட்டான். வீட்டைப் பூட்டினால் தண்டனையை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும், நான் இங்கேயே இருக்கிறேன், நீங்கள் என் கண்ணுக்கெட்டின இடத்தில் இருங்கள் என்று இருளாயி சொல்லிவிட்டாள். அவன் திட்டில் போய்க் குடிசை போட்டான். திட்டில் எங்கே தோண்டினாலும் உப்பு. ஊர்க்குழாயை அவளுக்கு அடைத்துவிட்டார்கள், அவள் வீட்டுப் பின்னால் இருந்த ஊற்றில் ஒரு நாளைக்கு இரண்டு குடம் ஊறியது, ஒரு குடம் அவளுக்கு, ஒரு குடம் அவனுக்கு. அவளுடைய ஒரு நாள் தவறினால் அவனுடைய தொண்டை ஒரு நாள் காயும்.

படகை இரவு துறையில் விடவும் வழியில்லை, துறை ஊருடையது. ஆகவே ஒவ்வொரு காலையும் அவள் காயாக்கை வீட்டு வாசலிலிருந்து தெரு முழுக்கக் கொண்டுபோக வேண்டும், ஒவ்வொரு மாலையும் திருப்பிக் கொண்டுவர வேண்டும், தனியாக. பழைய மொபெட் சக்கரம் இரண்டை வைத்து ஒரு வண்டி செய்துகொண்டாள். முதல் நாள் படகைக் கட்டிப் பிடித்து மொத்தமாகத் தூக்கப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டது, இரண்டாம் நாள் கால் பெருவிரல் நகம் போனது, மூன்றாம் நாள் வாசலில் குந்தி உட்கார்ந்து அரை மணி நேரம் அதை முறைத்துப் பார்த்த பிறகு புத்தி வந்தது: முழு எடையை ஒரே நேரத்தில் தூக்குகிறவள் முட்டாள். வண்டியின் பின்னால் ஒரு லாரி டயரைப் போட்டு, படகின் மூக்கை மட்டும் தூக்கி டயர் மேல் சாய்த்து, டயரிலிருந்து வண்டி விளிம்புக்கு ஏற்றி, மூக்கு ஏறினதும் ஓடிப்போய் வாலைப் பிடித்து, வயிற்றை முட்டுக் கொடுத்து, மூச்சை அடக்கி ஒரே தள்ளாகத் தள்ளினால் படகு வண்டியில் விரித்த சாக்கின் மேல் வழுக்கிக்கொண்டு போய்ப் படுத்துக்கொள்ளும். அப்புறம் கயிறு, அப்புறம் தண்ணீர்க் கேன், அப்புறம் தூக்குவாளி, அப்புறம் தெரு.

தெருவில் ஊர் நின்றது. கை கொடுக்கக் கூடாது என்பதால் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கட்டின கையோடு பார்க்கத்தானே முடியும், பார்த்தார்கள்.

எட்டாம் நாளிலிருந்து காயாக்கு கனத்தது.

உள்ளே தண்ணீர் இல்லை, மணல் இல்லை, கவிழ்த்துப் பார்த்தால் ஒரு நண்டுக்குஞ்சு கூட இல்லை. ஏலக்கூடத்தில் மீன் நிறுக்கிற தராசு வெளியிலேயே கிடக்கும். அதில் மூக்கை ஒரு தடவை, வாலை ஒரு தடவை வைத்துக் கூட்டிப் பார்த்தாள், ஐம்பத்தொன்று. மறுநாள் ஐம்பத்தெட்டு. அதற்கும் மறுநாள் எழுபது. சரி, இனி இப்படித்தான் போல என்று இருளாயி டயரை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டாள்.

அதே வாரத்தில் அம்பலத்தின் சம்சாரம் பாண்டியம்மாளுக்கு முழங்கால் வலி நின்றது. பன்னிரண்டு வருஷத்து வலி, எண்ணெய்க்கும் கேட்கவில்லை ஊசிக்கும் கேட்கவில்லை, இப்போது மாடிப்படியைத் தொட்டும் தொடாமலும் ஏறினாள். வெள்ளக்கண்ணு தொண்டி பஸ் நிலையத்தில் சீட்டு கொடுக்கிற எடை மிஷினில் ஏறி நின்றான், போன மாதத்தைவிட ஒன்பது கிலோ குறைவு, சீட்டின் பின்பக்கம் 'உங்கள் பாரம் பிறரால் குறையும்' என்று அச்சடித்திருந்தது. அவன் அதை டீக்கடையில் கண்ணாடி பாட்டிலுக்குப் பின்னால் ஒட்டி வைத்தான். இருளாயி போகும்போது யார் பார்க்கிறார்களோ அவர்கள் எடை கொஞ்சம் கழன்று காயாக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது என்பதைக் கண்டுபிடிக்க ஊருக்கு அதிக நாள் ஆகவில்லை, கண்டுபிடித்ததும் யாரும் ஆச்சரியப்படவும் இல்லை. பாரம் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும் என்றார்கள்.

அதன்பிறகு காலை ஆறரைக்கெல்லாம் தெருவின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் நாற்காலி வந்துவிடும். முதுகுவலிக்காரர்கள் முன்வரிசை, தொப்பைக்காரர்கள் அடுத்த வரிசை. பரமக்குடியிலிருந்து சம்பந்திமார் வந்தார்கள், தேவிபட்டினத்திலிருந்து மதினிமார் வந்தார்கள், குழந்தை பெற்று உடம்பு இறங்காதவளை வைத்தியர் சொல்லிக் கூட்டி வந்தார்கள். நின்று போ தாயி, ஒரு நிமிஷம் நின்று போ என்று கேட்டார்கள், அவள் நிற்க மாட்டாள். பார்த்து முடித்தவர்கள் எழுந்து போனால் ஈரமணலில் தடம் விழுவது நின்றது. இத்தனை பேருக்கு உபகாரம் செய்கிறோம் என்று இருளாயிக்குத் தெரியும், தெரிந்து அவளுக்கு எரிந்தது. ஒரு தடவை கேட்டிருந்தால் இரண்டு பேராவது தீர்மானத்தை மீறி வந்திருப்பார்களோ என்னவோ, அவள் கேட்கவில்லை, கேட்கிற வாய் அவளுக்கு அமையவில்லை.

நூற்று இருபது கிலோவில் கடப்பாரையை நெம்புகோலாகப் போட்டாள். நூற்று அறுபதில் பனந்தடியை உருளையாகப் போட்டாள். இருநூறில் வேப்பமரத்தில் கயிற்றைச் சுற்றி இழுத்து ஏற்றினாள். தோளில் கயிறு அறுத்த இடம் காய்த்துப்போனது, உள்ளங்கை தோலுரிந்து மறுபடி தோல் வளர்ந்தது, ஒரு மணி நேரத்துத் தெரு இரண்டு மணி நேரமானது, இரண்டு மூன்றானது, ஆனாலும் ஒவ்வொரு நாளும் உச்சிக்கு முன்னால் தண்ணீர் திட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. கழியில் இறக்கிவிட்டால் காயாக்கு கனப்பதில்லை, தண்ணீர் எல்லா எடையையும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொள்ளும். அந்த ஒரு மணி நேரந்தான் அவளுக்கு நாள்.

வைகாசி கடைசியில் ஊர் இடைஞ்சலை உணர ஆரம்பித்தது. கிணற்றில் வாளியை விட்டால், நிறைந்த வாளி ஆளை உள்ளே இழுத்தது. வலையில் மீன் பட்டால் மீன் மனுஷனை இழுத்தது. நான்கு பேர் சேர்ந்து ஒரு திருக்கையை ஏற்ற முடியாமல் விட்டுவிட்டு வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிள்ளைகளைப் புத்தகப்பையோடு பெஞ்சில் கட்டி வைத்தார்கள், பை கனமாக இருப்பதும் நல்லதுக்குத்தான் என்று பெற்றோர் முதன்முதலாக ஒத்துக்கொண்டார்கள். வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டைப் பெண்கள் சேலைத் தலைப்பில் தைத்துக்கொண்டார்கள், ஆண்கள் அரைஞாணில் கோத்துக்கொண்டார்கள், நடந்தால் ஊர் முழுக்கக் கலகலவென்று சத்தம் கேட்டது. ஆனாலும் யாரும் பார்ப்பதை நிறுத்தவில்லை. கனமில்லாமல் இருப்பது அவ்வளவு சுகமாக இருந்தது.

ஆனி நடுவில் ஒரு நாள் டீக்கடைக்கு எதிரே வண்டி பள்ளத்தில் இறங்கி நின்றுவிட்டது. இருளாயி முட்டுக் கொடுத்துப் பார்த்தாள், மண்டி போட்டுப் பார்த்தாள், அசையவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நாற்பது பேர். அவள் நிமிர்ந்து முந்தானையில் முகத்தைத் துடைத்தாள்.

"கை குடுக்கக் கூடாது. சரி. தீர்மானம். நானும் மதிக்கிறேன். இப்ப என்ன செய்யிறீக எல்லாரும்?"

"சும்மா வேடிக்கை பாக்குறோம் மதினி" என்றான் வெள்ளக்கண்ணு.

"வேடிக்கையில மட்டும் கை இல்லையாக்கும்?"

நாற்பது பேரும் சிரித்தார்கள். சேதுராமு மட்டும் சிரிக்கவில்லை. அவர் வீட்டுக்குப் போய்த் தீர்மானப் புத்தகத்தின் ஓரத்தில் வே, டி, க், கை என்று எழுதிப் பார்த்தார், கடைசி எழுத்தை அடித்துப் பார்த்தார், அடித்தால் சொல்லே நிற்கவில்லை. ஈயக்குண்டு கலகலக்க அம்பலத்தின் வீட்டுக்கு ஓடினார்.

"அம்பலம், அதுல கை இருக்கு."

"எதுலய்யா?"

"வேடிக்கையில. ஊரே மூணு மாசமா அவளுக்குக் கை குடுத்துக்கிட்டு இருக்கு, அம்பலம். என் தீர்மானம் என்னிக்கோ உடைஞ்சுபோச்சு."

அம்பலம் ராக்கப்பன் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு யோசித்தார், பிடிக்காவிட்டால் மின்விசிறிக் காற்றுக்கு எழும்பிவிடுவார், மாடி ஜன்னலைக் கால்வாசி திறந்து வைத்துக்கொண்டு தினமும் பார்த்தவர் அவர். தீர்மானமும் உடைந்தது, மீன்பாடும் போய்விட்டது. இரண்டையும் சேர்த்து மறுநாளே புதுத் தீர்மானம் போட்டார்கள்: இருளாயியை யாரும் பார்க்கவும் கூடாது.

அதோடு கெட்டது. அதுவரை பார்க்காதவர்களுக்கும் கண் அரிக்க ஆரம்பித்தது. நாற்காலிகள் போய்விட்டன, கதவுகள் சாத்தியிருந்தன, ஆனால் ஒவ்வொரு கதவு இடுக்கிலும் ஒரு கண், ஒவ்வொரு ஓலைக்கீற்று ஓட்டையிலும் ஒரு கண், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மூன்று, கோயில் மணிக்கூண்டில் பூசாரியுடையது இரண்டு. நேராகப் பார்த்த பார்வைக்கு ஒரு பங்கு எடை என்றால் ஒளிந்து பார்த்த பார்வைக்கு நாலு பங்கு. ஆடி பிறக்க நான்கு நாள் இருக்கும்போது, ஆளில்லாத தெருவின் நட்டநடுவில், மொபெட் சக்கரம் இரண்டும் அப்பளமாக மடங்கி, காயாக்கு தரையில் உட்கார்ந்தது. உட்கார்ந்த இடத்தில் தார் ரோடு விரிசல் விட்டது.

நெம்புகோல் வளைந்தது. பனந்தடி நசுங்கியது. கயிறு இரண்டு தடவை அறுந்தது. முழு எடையைத் தூக்காதே என்று கற்றுக்கொண்டவளுக்கு இப்போது ஒரு முனையே மலையாக இருந்தது. கேனை மட்டும் எடுத்துக்கொண்டு கழியில் இறங்கிப் பார்த்தாள். இடுப்பளவு, மார்பளவு, அப்புறம் ஓடை அவளைச் சுருட்டிப் பத்து பனை தூரத்தில் கரையில் தள்ளியது, கேன் போன இடம் தெரியவில்லை. முதல் நாள் அவன் தண்ணீர் இல்லாமல் இருந்தான். இரண்டாம் நாளும் அவன் தண்ணீர் இல்லாமல் இருந்தான். திட்டில் ஒரு வெள்ளைத் துணி ஆடியது, பிறகு அதுவும் ஆடவில்லை. தெருவோடு போய் ஒவ்வொரு கதவாகத் தட்டலாமா என்று இருளாயிக்கு முதன்முதலாகத் தோன்றியது, போய்த் தட்டினாள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஆள் மூச்சு கேட்டது, ஒரு கதவும் திறக்கவில்லை. பயந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும், கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் திரும்பி வந்து வேறு கேனில் தண்ணீர் பிடித்துப் படகுக்குள் வைத்துவிட்டு, முனைக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, நகராத படகை இழுத்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்குக் கச்சான் எடுத்தது.

வழக்கமாக வருகிற காற்றுதான், மேற்கேயிருந்து, வருஷா வருஷம் வந்து நாலு ஓட்டைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போவது. ஆனால் இந்த வருஷம் ஊரில் இருளாயியைத் தவிர எடையுள்ள மனுஷர் யாருமில்லை. ஆளுக்கு மூன்று கிலோ, நான்கு கிலோ, அரைஞாணில் கோத்த ஈயம் கச்சானுக்கு ஒரு பொருட்டே இல்லை. முதலில் பாண்டியம்மாளை எடுத்தது. மாடியில் துணி காயப்போட வந்தவள் துணியோடு துணியாகக் கொடியை விட்டுக் கிளம்பி, "ஏ ஆத்தா" என்று கத்திக்கொண்டே தெருவுக்கு மேல் வந்து, கீழே தெரிந்த ஆரஞ்சு நிறக் காயாக்கின் கைப்பிடியை எட்டிப் பிடித்தாள். ஊரில் அன்றைக்குப் பறக்காமல் இருந்த கனமான பொருள் அது ஒன்றுதான். இரண்டு கையாலும் பிடித்தாள்.

அடுத்து வெள்ளக்கண்ணு, கையில் டீ வடிகட்டியோடு. அடுத்து பூசாரி. கதவு இடுக்கில் கண் வைத்திருந்தவர்கள் கதவு பிடுங்கிக்கொண்டு போனதும் பின்னாலேயே போனார்கள். பள்ளிக்கூடமே பெஞ்சு பெஞ்சாக வந்தது. பறந்து வந்தவர்கள் காயாக்கைப் பிடித்தார்கள், காயாக்கில் இடமில்லாதவர்கள் பிடித்தவர்களின் இடுப்பைப் பிடித்தார்கள், இடுப்பில் இடமில்லாதவர்கள் காலைப் பிடித்தார்கள். அம்பலம் ராக்கப்பன் மாடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேட்டி கொடியாகப் படபடக்க ரொம்ப நேரம் தாக்குப் பிடித்தார், கடைசியில் கம்பி கழன்று கம்பியோடு வந்து சேர்ந்தார். அவரும் இரண்டு கையாலும் பிடித்தார்.

பிடித்த கை வழியாக அவரவர் எடை அவரவருக்குத் திரும்பியது. பாண்டியம்மாளின் கால் தரையைத் தொட்டது, தொட்ட உடனே "ஐயோ என் முழங்காலு" என்று அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள், ஆனாலும் கையை விடவில்லை, காற்று இன்னும் அடங்கவில்லை. ஒவ்வொருவராகத் தரைக்கு வந்தார்கள். இருளாயிக்குத் தோளில் கயிறு தளர்ந்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்காமல் ஒரு இழு இழுத்தாள். காயாக்கு வந்தது. இன்னொரு எட்டு வைத்தாள், அதுவும் வந்தது, காயாக்கோடு ஊரும் வந்தது. யாருக்கும் விடப் பயம், விடாதவர்கள் கூடவே நடக்க வேண்டியதாயிற்று. முதுகில் கச்சான் தள்ள, கட்டின கையை அவிழ்த்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, அழுகிறவர்கள் அழ, சாமி கும்பிடுகிறவர்கள் கும்பிட, சேந்தங்கழியின் ஒற்றைத் தெரு மொத்தமும் தன் வீடுகளை விட்டுவிட்டுக் கிழக்கே நடந்து கழிக்கரைக்கு வந்து நின்றது.

தண்ணீரைப் பார்த்ததும்தான் எல்லாரும் தங்கள் கையைப் பார்த்தார்கள்.

அம்பலம் மெதுவாகக் கையை எடுத்து வேட்டியில் துடைத்தார். "சேதுராமு, இதை என்னன்னுய்யா எழுதுறது? ஊரே கை குடுத்துப்போச்சே."

சேதுராமு கண்ணாடியைத் தேடினார், அது காற்றோடு போயிருந்தது. கண்ணாடி இல்லாமலே யோசித்தார். தீர்மானம் உடையாமல் இருக்க வேண்டும் என்பது அவர் கவலை, ஆனால் வாயைத் திறந்தபோது அவர் குரல் உடைந்திருந்தது.

"நம்ம எங்க அம்பலம் குடுத்தோம்? நம்ம பிடிச்சோம். நமக்குக் கை குடுத்தது இருளாயி. அதுக்குத் தடை எழுதலை."

பிறகு அம்பலம் இருளாயியைப் பார்த்து, முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் தோளில் கயிறு காய்த்த இடத்தைப் பார்த்து, "பூமிநாதனை வரச் சொல்லு தாயி. கால் வைக்கட்டும்" என்றார்.

"வருவாகளான்னு அவுகளைத்தான் கேக்கணும்" என்றாள் இருளாயி. அவளுக்கு நின்று பேச நேரமில்லை. காயாக்கைத் தண்ணீரில் தள்ளினாள். முப்பத்தெட்டு கிலோ, ஒரு கைக்குப் போதும். ஏறி உட்கார்ந்து துடுப்பைப் போட்டாள். பார்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தவித்த ஊர், பாண்டியம்மாள் முதலில் திரும்பியதும், ஒவ்வொருவராகத் திரும்பி, கழிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அன்றைக்கு அவர்கள் செய்தவற்றில் அறிவான காரியம் அதுதான்.

பூமிநாதன் திட்டின் இந்தப் பக்கத்து நுனியில் நின்றிருந்தான். மூன்று நாளாக அங்கேயே நின்றிருக்கிறான், குடிசைக்குப் போகவில்லை. காத்திருக்கிறவன் பார்வையும் பார்வைதான், ஆனால் அது ஆளை லேசாக்குவதில்லை போலிருக்கிறது. கணுக்கால் வரை, கெண்டைக்கால் வரை, முழங்கால் வரை மணலில் இறங்கிப்போயிருந்தான். கச்சான் அவன் மேல் மோதி விலகிப் போனது. உதடு வெடித்து உப்புப் பூத்திருந்தது. அவள் படகைக் கரையில் விட்டுவிட்டுக் கேனோடு ஓடினாள்.

"மெதுவா. மெதுவாக் குடிங்க மச்சான். வாயை நனைச்சிட்டு முழுங்குங்க."

அவன் குடித்தான். நிறுத்தினான். மறுபடி குடித்தான். மிச்சத்தை அவள் தன் கையில் ஊற்றி அவன் முகத்தில் தடவினாள், பிறகு மண்டி போட்டு, அவன் காலைச் சுற்றி மணலை இரண்டு கையாலும் பறித்து வெளியே தள்ளினாள். கால் வெளியே வந்தது.

"ஏன் புள்ள வரலை?" என்று கேட்டான், குரல் வந்ததும். அதில் கோபம் இல்லை.

இத்தனை நாளும் அவள் அவனிடம் ஒன்றும் சொன்னதில்லை. நேரமானால் வெயில் என்பாள், கை உரிந்திருந்தால் துடுப்பு என்பாள், தோளை முந்தானையால் மூடிக்கொள்வாள். சொன்னால் நீந்தியாவது வருவான், ஊர் எல்லையில் கால் வைப்பான், அடி விழும் என்று அவளுக்குப் பயம். இப்போது வாயைத் திறந்தாள், வழக்கம்போல ஒரு பொய்யை எடுத்தாள், அது வரவில்லை.

"கனமா இருந்துச்சு மச்சான்."

"எது, படகா?"

"எல்லாந்தான்."

"எம்புட்டுக் கனம்?"

அவளுக்குக் கிலோவில் சொல்லத் தெரியவில்லை. பிறகு எழுந்து அவன் முன்னால் வந்து நின்று, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, "தூக்கிப் பாருங்க" என்றாள்.

மூன்று நாள் தண்ணீர் குடிக்காதவனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது. ஆனால் அவன் ஒரு கையை அவள் முதுகிலும் ஒரு கையை முழங்காலுக்குப் பின்னாலும் கொடுத்தான். அவள் கால் நுனியைத் தரையில் வைத்துக்கொள்ளவில்லை, கழுத்தைப் பிடித்துப் பாதி பாரத்தைத் தானே தாங்கிக்கொள்ளவில்லை, ஒட்டினது ஒடுங்கினது ஒன்றையும் மிச்சம் வைக்காமல் அப்படியே மொத்தமாக அவன் மேல் விட்டாள். அவன் ஒரு எட்டு வைத்தான். இரண்டாவது எட்டில் முட்டி மடங்கி இரண்டு பேரும் மணலில் விழுந்தார்கள், அவன் அடியில், அவள் மேலே.

அவன் இருமினான். வாயிலிருந்த மணலைத் துப்பினான்.

"ஊருல வரச் சொல்லிட்டாக" என்றாள் அவள், அவன் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டு.

"அப்படியா? சரி, எந்திரி. போவோம்."

"போவோம். இப்ப எந்திரிக்க மாட்டேன்."

அவனும் மறுபடி கேட்கவில்லை.